சீட்டுக் குலுக்கியா மருந்து குடுப்பாங்க? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல புது கேன்சர் மருந்து டிரையல், அதாவது மருந்த மனுஷங்களுக்குக் குடுத்துச் சோதிச்சுப் பாக்குறது, பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் வேற எதுக்குமே வந்ததில்ல. அதனால இந்தத் தடவை பக்கம் பூரா அதுக்குத்தான். தெரியாதவங்களுக்காக ஒண்ணு சொல்லிக்கிறேன், நான் டாக்டர் இல்ல. மதுரையில கேன்சர் வார்டுல நர்ஸா இருந்து, அப்புறம் பல வருஷம் டிரையல் கோஆர்டினேட்டரா இருந்தவ. பார்ம் எடுத்து வச்சு நோயாளிக்கும் வீட்டாளுங்களுக்கும் படிச்சுச் சொன்னது, ரத்தம் எடுக்க நாள் குறிச்சது, ராத்திரி காய்ச்சல்னு போன் வந்தா எடுத்தது எல்லாம் நான்தான்.

கேள்வி: அக்கா, எங்கப்பாவுக்கு 61 வயசு, நுரையீரல் கேன்சர். குடுத்த கீமோ கேக்கல. ஒரு புது மருந்து டிரையல் இருக்கு, சேர்றீங்களான்னு டாக்டர் கேக்குறாரு. எங்க பெரியப்பா "என் தம்பிய சோதனை எலியாக்கப் பாக்குறீகளா"ன்னு வீட்டுல ஒரே சத்தம். என்ன செய்ய? – ஒரு மகன், உசிலம்பட்டி

தம்பி, மொதல்ல பெரியப்பா மேல கோவப்படாதீங்க. கூடப்பொறந்தவனுக்கு ஒண்ணு ஆயிரக்கூடாதேங்கற பயம்தான் அது, அந்தப் பயத்துல நியாயமும் இருக்கு. நீங்க டாக்டர்கிட்ட போய் கேக்க வேண்டிய முதல் கேள்வி "இது எத்தனாவது கட்டம்?" அவ்வளவுதான். ஏன்னா டிரையல்ங்கற ஒரே பேருக்குள்ள மூணு வேற வேற சங்கதி இருக்கு.

ஒரு மருந்து மனுஷன்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே கண்ணாடித் தட்டுல வளக்குற கேன்சர் செல்லுல, அப்புறம் எலி மாதிரி பிராணிகள்ல எல்லாம் பாத்துருவாங்க. பெரியப்பா சொல்ற எலி சோதனை அதுக்குள்ள முடிஞ்சிரும். அதுக்கப்புறம்தான் முதல் கட்டம். மத்த நோய்க்கெல்லாம் முதல் கட்டத்துல நோய் இல்லாத ஆளுக்கு காசு குடுத்துக் கூட மருந்து குடுத்துப் பாப்பாங்க, கேன்சர் மருந்து அப்படி இல்ல. அது உடம்ப உருக்குற மருந்துங்கறதால நல்லா இருக்குறவங்களுக்குக் குடுக்க முடியாது, பெரும்பாலும் வேற வழியெல்லாம் பாத்து முடிச்ச நோயாளிங்களுக்குத்தான் குடுப்பாங்க. ரொம்பக் கம்மி அளவுல மூணு பேருக்கு மொதல்ல குடுத்துட்டு சில வாரம் காத்திருப்பாங்க, மூணு பேருக்கும் ஆகாதது எதுவும் ஆகலைன்னா அடுத்த மூணு பேருக்குக் கொஞ்சம் கூட்டுவாங்க, மூணுல ஒருத்தருக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா அதே அளவுல இன்னும் மூணு பேருக்குக் குடுத்துப் பாப்பாங்க, ரெண்டு பேருக்கு ஆயிருச்சுன்னா அங்கிட்டு மேல ஏற மாட்டாங்க. இதுதான் ரொம்பக் காலமா இருக்குற முறை, இப்ப வேற கணக்கு முறையும் வந்துருச்சு. இந்தக் கட்டத்துல அவங்க முக்கியமாத் தேடுறது "எவ்வளவு குடுத்தா உடம்பு தாங்கும்"ங்கறததான், "கேன்சர் கொறையுதா"ங்கறது ரெண்டாம்பட்சம். இத வெளிப்படையா சொல்லாம "புது மருந்து, நல்ல மருந்து"ன்னு யாராவது சொன்னா அங்கேயே நிறுத்திக் கேளுங்க.

முதல் கட்டத்துலயே கேட்ட மருந்தும் உண்டு. ரத்தப் புற்றுநோய்ல சி.எம்.எல்.னு ஒரு வகை, அதுக்கு இமாட்டினிப்னு மாத்திரை, நம்ம பக்கம் இன்னிக்கும் எத்தனையோ பேர் அத முழுங்கிட்டு காட்டு வேலைக்குப் போறாங்க. அமெரிக்காவுல 1998 ஜூன்ல அதோட முதல் கட்டம் ஆரம்பிச்சு, நாளைக்கு 25 மில்லிகிராம்ல இருந்து பைய ஏத்திக்கிட்டே வந்தாங்க, மொத்தம் 83 பேர். 300 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் வாங்கின 54 பேர்ல 53 பேருக்கு ரத்த அணு எண்ணிக்கை சரியா வந்துருச்சு. 2001 மே மாசமே அங்க அனுமதி கெடச்சுருச்சு. ஆனா தம்பி, அத மனசுல வச்சுக்கிட்டு கையெழுத்துப் போடாதீங்க, அது அபூர்வம். மனுஷன் வரைக்கும் வர்ற கேன்சர் மருந்துகள்ல பத்துல ஒண்ணு கடைசில கடைக்கு வந்தாலே பெருசு.

ரெண்டாம் கட்டத்துலதான் மருந்து கேக்குதான்னு பாக்குறது. சிடி ஸ்கேன்ல கட்டிகளோட நீளத்த அளந்து கூட்டிக்குவாங்க, 30 சதவீதமாவது வத்தினா கேக்குதுன்னு அர்த்தம், 20 சதவீதம் பெருத்தா நோய் மீறுதுன்னு அர்த்தம், நடுவுல நின்னா நிலைச்சிருக்குன்னு எழுதுவாங்க. மூணாம் கட்டத்துல நூத்துக்கணக்குல, சில சமயம் ஆயிரக்கணக்குல ஆளுங்களச் சேத்து இப்ப இருக்குற வைத்தியத்தோட நேருக்கு நேர் வச்சுப் பாப்பாங்க. அப்பாவுக்குச் சொன்னது மூணாம் கட்டம்னா பெரியப்பாவோட பயம் பாதி கொறஞ்சிரும். முதல் கட்டம்னா, அப்பா படுக்கையில இல்லாம நடமாடுற தெம்புல இருக்காரா, வாரா வாரம் மதுரைக்கு பஸ்ல வந்து போக முடியுமா, அந்த நாளையெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சுல கழிக்க அவருக்கு இஷ்டமான்னு அவர்கிட்டயே கேளுங்க. வீடே கூடி முடிவு பண்ணிட்டு நோயாளிகிட்ட கேக்காம விட்டத நான் நெறைய பாத்துட்டேன். நோய் அவருக்கு, கையெழுத்தும் அவருதான் போடணும்.

கேள்வி: எனக்கு மார்புப் புற்றுநோய். டிரையல் மூணாம் கட்டம்னுதான் சொல்றாங்க. ஆனா எந்த மருந்துன்னு கம்ப்யூட்டர் குலுக்கல்ல முடிவாகுமாம், டாக்டருக்கே தெரியாதாம். உசுரு விஷயத்துல சீட்டுக் குலுக்குறதா? எனக்கு வெறும் மாவு மாத்திரை விழுந்துட்டா? – மேலூர் வாசகி

மாவு மாத்திரை சந்தேகத்த மொதல்ல தீத்துருவோம்மா. கேன்சர்ல ஒரு பக்கம் புது மருந்து, இன்னொரு பக்கம் வெறும் மாவு, அப்படிப் பண்றது ரொம்ப அரிது. நல்ல வைத்தியம் ஏற்கனவே இருக்குற நோய்ல, எதிர்ப் பக்கம் விழுறவங்களுக்கு அந்த வைத்தியமே குறையில்லாமக் கெடைக்கணும். சில டிரையல்ல ரெண்டு பக்கமும் வழக்கமான கீமோ இருக்கும், அதுக்கு மேல ஒரு பக்கம் புது மருந்து, இன்னொரு பக்கம் அதே மாதிரி தெரியுற மாத்திரை. உங்க பார்ம்ல "எதிர்க் குழுவுக்கு என்ன குடுப்பீங்க"ன்னு தெளிவா எழுதியிருக்கும், அந்த வரிய டாக்டர் விரல் வச்சுக் காட்டணும்னு கேளுங்க.

சீட்டு எதுக்குன்னா, டாக்டர் கையில விட்டா கொஞ்சம் தெம்பா இருக்குற நோயாளிக்குப் புது மருந்தக் குடுப்பாரு, வாடிப் போயிருக்குறவங்களுக்கு பழசக் குடுப்பாரு. அவர் கெட்ட எண்ணத்துல செய்ய மாட்டாரு, மனசு தானா அப்படிப் போகும். கடைசில புது மருந்துக்காரங்க நல்லா இருந்தாங்கன்னா அது மருந்தாலயா, முன்னாடியே இருந்த தெம்பாலயான்னு சொல்லவே முடியாது. அதுவும் போக, எது ஒசத்தின்னு நெஜமாவே தெரியாதப்பதான் சீட்டுப் போடலாம். தெரிஞ்சுகிட்டே சீட்டுப் போட்டா அது பாவம், டிரையல் நியாயமா நடக்குதான்னு பாக்குற எத்திக்ஸ் கமிட்டி அதுக்கு விடக்கூடாது.

தெரிஞ்ச மாதிரி நெனச்சு நடந்துக்கிட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு உங்க நோய்லயே ஒரு கதை இருக்கும்மா, எனக்கு நெனச்சாலே வயிறு எரியும். 1980கள் கடைசில இருந்து 90கள் பூரா அமெரிக்காவுல, முத்திப்போன மார்புப் புற்றுநோய்க்கு கீமோவ பல மடங்கு ஏத்திக் குடுத்து ரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜைய பொசுக்கிட்டு, முன்கூட்டியே எடுத்து வச்ச அவங்களோட சொந்த செல்லயே திருப்பி ஏத்துற வைத்தியம் பரவுச்சு. நெறைய குடுத்தா நெறைய கேக்கும்னு டாக்டருங்களும் நம்பினாங்க, நோயாளிங்களும் கோர்ட்டுக்குப் போய் இன்சூரன்ஸ் பணம் வாங்கியாச்சும் செஞ்சுக்கிட்டாங்க. பல ஆயிரம் பொம்பளைங்க. அந்த வைத்தியத்தாலேயே செத்தவங்களும் அதுல உண்டு. சீட்டுப் போட்டு முறையா பாத்த டிரையல் முடிவு 1999ல வந்தப்பதான் சாதாரண கீமோவ விட அதுல ஆயுசு கூடலன்னு தெரிஞ்சுச்சு. தென்னாப்பிரிக்காவுல ஒரே ஒரு டாக்டர் மட்டும் நல்லா கேக்குதுன்னு சொன்னாரு, போய் ஏட்டத் தொறந்து பாத்தா அது மோசடி. மொதல்லயே சில நூறு பேர் சீட்டுக்கு சம்மதிச்சிருந்தா அத்தன பேர் அந்த வேதனையப் பட்டிருக்க வேண்டாம்.

நம்ம ஊர்லயும் சீட்டு நல்லது பண்ணியிருக்கு. ஆஸ்டின்பட்டி, தோப்பூர் டி.பி. ஆஸ்பத்திரி பத்தி உங்க வீட்டுப் பெரியவங்களக் கேளுங்க, அந்தக் காலத்துல டி.பி.ன்னா மாசக்கணக்குல அங்க கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறதுதான் வைத்தியம். 1956ல சென்னையில, நோயாளிங்களச் சீட்டுப் போட்டுப் பிரிச்சு பாதிப் பேர சானடோரியத்துல, பாதிப் பேர அவங்க வீட்டுலயே வச்சு ஒரு வருஷம் ஒரே மருந்தக் குடுத்தாங்க. குடிசையில இருந்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு கொணமாச்சு, வீட்டுல உள்ளவங்களுக்கும் அதனால கூடுதலா ஒட்டல. உலகம் பூரா டி.பி.க்கு வீட்டுலயே மருந்து குடுக்கலாம்னு வழி மாறுனதுக்கு அது பெரிய காரணம்.

கேள்வி: சுமார் இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊருக்கு நர்சம்மாக்க வந்து கர்ப்பப்பை வாயில ஏதோ வினிகர் மாதிரி தடவிப் பாத்தாங்க. பக்கத்துப் பஞ்சாயத்துக்கு வரல. அதுவும் டிரையல்தான்னு இப்ப எம் மருமக சொல்றா. எங்கள வச்சா பாத்தாங்க? – ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு அம்மா

ஆமாங்கம்மா, மருமக சொல்றது சரியாத்தான் இருக்கணும். பிரான்ஸ்ல லியோன்ல இருக்குற சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம், அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், உங்க பக்கத்து அம்பிளிக்கை ஆஸ்பத்திரி சேந்து 2000ல ஆரம்பிச்சது. திண்டுக்கல் மாவட்டத்துல 114 பகுதியா பிரிச்சு, 57ல சோதனை, 57ல வழக்கமா இருந்த வசதி மட்டும். அதனாலதான் பக்கத்துப் பஞ்சாயத்துக்கு வரல. 30ல இருந்து 59 வயசு வரைக்கும் உள்ளவங்க. அசிட்டிக் ஆசிட்டத் தண்ணியாத் தடவினா மாறிப்போன இடம் வெள்ளையாத் தெரியும், பயிற்சி எடுத்த நர்ஸே கண்ணால பாத்துச் சொல்லிரலாம், லேப் வேணாம், பெரிய மெஷின் வேணாம். 31,000 பேருக்கு மேல சோதனை பண்ணிக்கிட்டாங்க. 2007ல முடிவு வந்துச்சு, சோதனை நடந்த ஊருகள்ல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் கம்மி, அதுல சாகுறது 35 சதவீதம் கம்மி.

மருந்து டிரையல் இல்லைனாலும் இத வேணும்னே விரிவா எழுதுறேன். ஏன்னா இந்த எளிய சோதனை உசுரக் காப்பாத்தும்னு உலகத்துக்குக் காட்டினது நம்ம திண்டுக்கல் பொம்பளைங்க. அதே சமயம் எதிர்ப் பக்கத்து ஊர்கள்ல இருந்தவங்கள நெனச்சா எனக்கு மனசு சங்கடமாத்தான் இருக்கு. இது சரியான்னு பின்னால பெரிய விவாதமே நடந்துச்சு. அன்னிக்கு இந்தச் சோதனை கேக்குமான்னு நெஜமாவே தெரியாது, நம்ம ஊருகள்ல வேற சோதனையும் நடக்கல, சரிதான். ஆனா தெரிஞ்சப்புறம் அத்தன ஊருக்கும் கொண்டுபோய்ச் சேக்குறது கடன்னு நான் நெனக்கிறேன். பக்கத்துப் பஞ்சாயத்துல உங்க வயசுல இருக்குறவங்க, அவங்க மக, மருமக எல்லாரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா.

கேள்வி: டிரையல்ல சேர்ந்தா பணம் கட்டணுமா? – திருமங்கலம்

சோதிக்கிற மருந்துக்கு ஒரு பைசா கேக்கக்கூடாது. டிரையலுக்குன்னே எடுக்குற ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கும் பெரும்பாலும் கம்பெனிதான் கட்டும், பஸ் செலவும் குடுக்குறது உண்டு. டிரையல் இல்லைனாலும் நீங்க செஞ்சிருக்க வேண்டிய வழக்கமான வைத்தியத்துக்கு யார் கட்டுவாங்கன்னு மட்டும் முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

கேள்வி: ஓ.பி. கூட்டத்துல நிக்க வச்சு எங்க அம்மாகிட்ட இருபது பக்கப் பேப்பர்ல ரேகை வாங்கிட்டாங்க. என்னன்னு எங்களுக்கே புரியல. இனி வெளிய வர முடியுமா? – செல்லூர் வாசகர்

முடியும். இன்னிக்கே முடியும், காரணம் கூடச் சொல்ல வேணாம், வெளிய வந்தா வழக்கமான வைத்தியத்த அவங்க மறுக்கக்கூடாது. ஆனா மாத்திரையப் பட்டுன்னு நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க, சில மருந்து திடீர்னு நிறுத்தினா வேற பிரச்சினை வரும்.

இந்தக் கடுதாசியப் படிச்சு எனக்கு ராத்திரி தூக்கம் வரல தம்பி. எங்க சித்திக்கு இதேதான் நடந்துச்சு, நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, வேற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில. அவங்க கையில இருந்தது இங்கிலீஷ் பேப்பர். சித்தி படிச்சது மூணாங்கிளாஸ். எதுக்கு ரத்தம் எடுக்குறாங்கன்னு தெரியாமயே எட்டு மாசம் போய் வந்தாங்க. நான் கோஆர்டினேட்டர் ஆனப்புறம் யாரையும் நிக்க வச்சுக் கையெழுத்து வாங்கினதே இல்ல, பேப்பர வீட்டுக்குக் குடுத்துவிட்டு நாலு நாள் கழிச்சு வாங்கன்னுதான் சொல்லுவேன்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 2019ல வந்த புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகள் படி, நோயாளிக்குப் புரியிற பாஷையில தகவல் தாள் இருக்கணும். படிக்கத் தெரியாதவங்கன்னா டிரையலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்துல உக்காந்து, படிச்சுச் சொன்னது பூராவும் கேட்டு, அவங்களும் கையெழுத்துப் போடணும். கேள்வி கேக்க நேரம் குடுக்கணும். கையெழுத்தான பேப்பர்ல ஒரு பிரதி உங்க கையில இருக்கணும், இல்லைன்னா நாளைக்கே போய் வாங்குங்க. அதுல எத்திக்ஸ் கமிட்டி ஆளோட பேரும் போன் நம்பரும் இருக்கும். அந்தக் கமிட்டியில கொறஞ்சது ஏழு பேர், பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரிக்கு வெளிய உள்ளவங்க, சட்டம் தெரிஞ்சவர் ஒருத்தர், மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருத்தர் இருக்கணும். உங்களுக்குத்தான் அவங்க இருக்காங்க, தயங்காமப் போன் போடுங்க. டிரையலால உடம்புக்கு ஏதாச்சும் ஆனா வைத்தியம் இலவசமாப் பாக்கணும், மருந்தாலதான்னு முடிவானா நஷ்ட ஈடும் உண்டு. பெரிய பாதிப்பு வந்தா டாக்டர் 24 மணி நேரத்துக்குள்ள மேல தெரிவிச்சாகணும். அப்புறம் சி.டி.ஆர்.ஐ.ன்னு ஆரம்பிக்கிற ஒரு பதிவு நம்பர் கேளுங்க, நம்ம நாட்டுல நடக்குற மருந்து டிரையல் எல்லாம் முதல் நோயாளியச் சேக்குறதுக்கு முன்னாடியே அந்தப் பதிவேட்டுல ஏறியிருக்கணும், யாரு வேணும்னாலும் போன்லயே தேடிப் பாக்கலாம். நம்பர் இல்லைன்னு சொன்னா அங்க நிக்காதீங்க.

கேள்வி: நித்தியகல்யாணி கேன்சரக் கொணப்படுத்தும்னு எங்க ஊர்ல சொல்றாங்க. அப்பறம் ஏன் டிரையல், கம்பெனி, கோடிக்கணக்குல செலவு? அரைச்சுக் குடிச்சாப் போதாதா? – அருப்புக்கோட்டை, கல்லூரி மாணவி

அரைச்சுக் குடிக்கக் கூடாதுடா கண்ணு, அது விஷம். ஆனா ஊர்ல சொல்றதுல உண்மை ஒட்டியிருக்கு. 1950கள்ல கனடாவுல, சர்க்கரை வியாதிக்கு இந்த இலை கேக்குமான்னு எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க, சர்க்கரை எறங்கல, வெள்ளை அணு எறங்குச்சு. வெள்ளை அணு கண்டபடி பெருகுற ரத்தப் புற்றுநோய்க்கு இது ஆகுமேன்னு பிடிச்சுக்கிட்டாங்க. அதுல இருந்து பிரிச்ச வின்கிரிஸ்டின் 1963ல அமெரிக்காவுல அனுமதியாச்சு, பிள்ளைங்களுக்கு அதிகமா வர்ற ரத்தப் புற்றுநோய் வகைக்கு இன்னிக்கும் அதக் குடுக்காம வைத்தியம் இல்ல. நம்ம விருதுநகர், தூத்துக்குடி கரிசக்காட்டுல இத வெள்ளாமையாவே போடுறாங்க. பல நூறு கிலோ காஞ்ச இலையில இருந்து துளிதான் மருந்து கெடைக்கும், அதையும் குழந்தையோட உடம்பு அளவுக்கு ரெண்டு மில்லிகிராமுக்குள்ள அளந்து ஊசியில ஏத்தணும், கூடினா நரம்பு போயிரும். அந்த அளவக் கண்டுபிடிச்சதுதான் டிரையல். செடி நம்ம வேலியோரத்துல எத்தனையோ தலைமுறையா இருந்துச்சு, ஆனா எவ்வளவு, யாருக்கு, எத்தன நாளைக்குங்கறது அளந்து பாத்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு.

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு வாய்ப் புற்றுநோய், ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க. இம்யூனோதெரபி ஊசி லட்சக்கணக்குல ஆகுமாம். எங்களுக்கு வழியே இல்லையா? – தெற்குவாசல் வாசகி

அக்கா, மும்பை டாடா மெமோரியல்ல நடந்த ஒரு டிரையல் பத்தி உங்க டாக்டர்கிட்ட பேசுங்க. நிவோலுமாப்னு ஒரு இம்யூனோதெரபி ஊசி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்திய வச்சே கேன்சர எதிர்க்க வைக்கிறது, வழக்கமா 240 மில்லிகிராம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. இவங்க வெறும் 20 மில்லிகிராம், மூணு வாரத்துக்கு ஒரு தடவை, கூடவே வெலை கம்மியான மூணு மாத்திரை. கொணப்படுத்த முடியாதுன்னு ஆயிட்ட தலை, கழுத்துப் புற்றுநோய்க்காரங்க 151 பேரச் சீட்டுப் போட்டுப் பிரிச்சாங்க. மாத்திரை மட்டும் வாங்கினவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சு உசுரோட இருந்தது 16.3 சதவீதம், ஊசியும் சேத்து வாங்கினவங்கள்ல 43.4 சதவீதம். 2022ல வெளிவந்துச்சு. எனக்கு இத நெனச்சா நெஞ்சு நெறையும், ஏன்னா பெரிய கம்பெனி எதுவும் தன் மருந்தப் பத்துல ஒரு பங்கா விக்க வழி தேடாது, நம்ம டாக்டருங்கதான் நம்ம ஜனங்க கைக்கு எட்டுமான்னு தேடினாங்க. ஆனா இத மறைக்காமச் சொல்லணும், இது பூரணமாக் கொணமாக்குறது இல்ல, நாள் கூட்டித் தர்றது. எல்லாருக்கும் கேக்கவும் செய்யாது. உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட்டப் பாத்து அவருக்குப் பொருந்துமான்னு டாக்டர்தான் சொல்லணும். பாக்கு, புகையில இன்னும் வாயில இருந்தா அத இன்னிக்கே எடுத்துப் போடச் சொல்லுங்க.

கேள்வி: டிரையல் மருந்து எனக்கு நல்லா கேக்குது, கட்டி பாதி வத்திருச்சு. வர்ற மாசத்தோட டிரையல் முடியுதாம். அப்பறம் மருந்த நிறுத்திருவாங்களா? – வாடிப்பட்டி

அண்ணே, இதுக்கு அதே 2019 விதியில இடம் இருக்கு. உங்க டாக்டர் இந்த மருந்து தொடரணும்னு எழுதிக் குடுத்து, வேற மாத்து வைத்தியம் இல்லைன்னு காட்டி, எத்திக்ஸ் கமிட்டி சரின்னு சொல்லி, நீங்களும் எழுத்துல சம்மதிச்சா, டிரையல் முடிஞ்சும் கம்பெனி இலவசமாக் குடுக்கணும். தானா நடக்கும்னு இருந்துராதீங்க, பேப்பர் நகர நாளாகும். இந்த வாரமே உங்க கோஆர்டினேட்டரப் பாத்து "முடிஞ்சப்புறம் மருந்துக்கு என்ன ஏற்பாடு"ன்னு கேளுங்க, அவங்க தெரியலைன்னா டாக்டர்கிட்ட, அவரும் அப்பறம் பாக்கலாம்னா பேப்பர்ல இருக்குற எத்திக்ஸ் கமிட்டி நம்பருக்கு. கடைசி ஸ்கேன் ரிப்போர்ட் ஒரு பிரதி கையோட எடுத்துட்டுப் போங்கண்ணே.